பித்தளைன்னா பள்ளம்

வீடு பார்க்கப் போகும்போது விரலில் கனமான மோதிரம் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். தங்கம் வேண்டாம். தங்கத்தைப் பார்த்தால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். வெள்ளி போதும். அதை வைத்துச் சுவரைத் தட்டுங்கள். நல்ல சுவர் 'டொக்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லும். பூச்சு விட்டுப்போன சுவர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி 'டொப்' என்று இழுக்கும். அந்த இழுவைதான் உங்கள் செலவு. சுவர் பொய் சொல்லாது. புரோக்கர் சொல்வான், விற்கிறவன் சொல்வான், நானும் சொல்வேன்.

சங்கச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோதே சொல்லிவிட்டார். "புதுசா வீடு வாங்கி வாடகைக்கு விடறவங்க நிறைய பேர் சேர்ந்திருக்காங்க பெரியவரே. அனுபவத்துல நாலு நல்லது சொல்லுங்க. உங்க கதையெல்லாம் மட்டும் வேண்டாம்." என் கதைகளுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும்போது உள்ளேயிருந்து பழைய சொந்தக்காரர் எழுந்து வந்து வாடகை பாக்கி கேட்டார் என்று நான் எப்போதோ சொன்னதை இன்னும் இரண்டு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் இப்போது இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். இன்று அப்படி எதுவும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

மேசையில் இரண்டு கதவுப் பிடிகள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒன்று பித்தளை, கயிறு முறுக்கினமாதிரி வார்த்தது. இன்னொன்று பீங்கான் குமிழ், கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. சுற்றில் விடுகிறேன். கையில் வாங்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் இன்னும் நல்லது. பார்த்தபிறகு பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுங்கள், பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எனக்குத் திரும்ப வேண்டும்.

தேநீர் குடிக்கும்போது நீலச் சட்டை போட்ட தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். பச்சைச் சட்டையாகவும் இருக்கலாம், எனக்குக் கொஞ்ச நாளாகக் கண்ணில் மூட்டம். "ஐயா, ஒரு வீடு பாதி விலைக்கு வருது. ஆனா மாடியில ஒரு வயசானவர் இருக்கார். அவர் காலம் முடியற வரைக்கும் இருக்கலாம்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. வாங்கலாமா?" என்றார். நல்ல கேள்வி. என் பேச்சு முழுக்க அதற்குப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கலாம் தம்பி. நான் வாங்கினேன்.

அது ஒரு மாடி வீடு. பக்கவாட்டில் ஒரு சந்து. கீழே காலி. மாடியில் விற்றவருடைய அக்கா. தம்பிக்காரர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். அக்காவைக் கூட்டிப்போக முடியவில்லை, வீட்டை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அக்கா கடைசிவரை மாடியில் இருக்கலாம் என்று எழுதி, வீட்டை எனக்கு விற்றார். ஆள் இருக்கிற வீடு விலை இறங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அக்காவுக்கு எழுபது தாண்டியிருந்தது, பார்வை அநேகமாகப் போய்விட்டது, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். போதாக்குறைக்கு நெஞ்சைக் கிழிக்கிற இருமல். நான் பார்க்கப் போன அன்று அந்த இருமலைக் கீழேயிருந்து கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.

பத்திரம் முடிந்து முதல்முறை மாடி ஏறினேன்.

"யாரது, புதுச் செருப்பு? படி முழுக்கக் கிறீச்சுக் கிறீச்சுன்னு வருது."

"நான்தான் அக்கா. வீட்டை வாங்கினவன்."

"அப்ப என்னையும் சேர்த்துத்தானே வாங்கியிருக்கீங்க. பில்லைப் பத்திரமா வெச்சுக்கங்க வாங்கினவரே. பழுதுன்னு திருப்பிக் கொடுக்க முடியாது."

அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அதுதான் பெயர், வாங்கினவரே. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஊர் மொத்தமும் பேசினதைக் காதுல வாங்கினவ நான். ஒரு சுவர் பேசறது கேக்காதா?" என்பார். விரலில் கனமான வெள்ளி மோதிரம். நடக்கும்போது அதால் சுவரை லேசாகத் தட்டிக்கொண்டே நடப்பார். டொக், டொக், டொக். இருக்கிற இடம் அந்தச் சத்தத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். நானும் தட்டிப் பார்க்கிறவன் என்று கேட்டதும் அவருக்கு ஒரே குஷி. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இங்க தட்டுங்க. பொள்ளல். அங்க தட்டுங்க. அதுவும் பொள்ளல். தம்பிகிட்ட எத்தனை தடவை சொன்னேன், கேக்கலை, வித்துட்டான்" என்று வீட்டின் நோயெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். இஞ்சினியர் காசு வாங்கிக்கொண்டு சொல்லாததை அவர் ஒரு டீயும் கொடுத்துச் சொன்னார். குடியிருக்கிறவர்களிடம் நல்லபடியாகப் பழகுங்கள். வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கு ஒருநாளும் தெரியாது.

இனி என் தவறைச் சொல்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். வாங்கின கையோடு ஒழுகலை அடைத்துவிட்டேன்.

தண்ணீர் முதல் எதிரி, கூரையை முதலில் பார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் மொட்டைமாடியைக் கொத்தி, விரிசலை அடைத்து, மேலே பூசி, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தேன். மாடிச் சுவரில் இருந்த பச்சைப் பாசி காய்ந்து உதிர்ந்தது. ஈர வாடை போயிற்று. அதோடு அக்காவின் இருமலும் போயிற்று.

எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒருநாள் படியேறும்போது வீடு அமைதியாக இருந்தது. ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டே மேலே போனால், அக்கா பால்கனியில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறார்.

"டாக்டர் நெஞ்சுல குழல் வெச்சுப் பாத்துட்டு, இது யாரோட நெஞ்சுன்னு கேக்கறார். எல்லாம் நீங்க வந்த நேரம் வாங்கினவரே. எனக்கு ஆயுசைக் கூட்டிட்டீங்க."

"சந்தோஷம் அக்கா."

"எங்கம்மா தொண்ணூத்தெட்டு. பெரியம்மா நூத்தொண்ணு. ஆனா அவகிட்ட நூறுன்னுதான் சொல்லணும், ஒண்ணு கூட்டிச் சொன்னா கோவிச்சுக்குவா. எங்க வம்சத்துல அவசரப்படற ஆளே கிடையாது."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. சொந்தக் காசில் கூரையை ஒழுங்கு பண்ணி, சொந்தச் செலவில் காலத்தைத் தள்ளிப்போட்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள்கூட நான் அவரிடம் குரல் உயர்த்தினதில்லை. காலி பண்ணுங்கள் என்று வாயால் சொன்னதில்லை. தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கரண்டைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் அருவருப்பு. நான் வீட்டை மேம்படுத்திக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

யாராவது தட்டினீர்களா? இல்லையா? சரி, மின்விசிறியாக இருக்கும்.

அடுத்தது, ஆள் இருக்கும்போதே வேலை செய்வது எப்படி. பகுதி பகுதியாகச் செய்யுங்கள். மாடியில் முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை, நடுவில் நீளமாக ஒரு நடை. நடையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்று குளியலறை. இன்னொன்று பால்கனி. ஒரே மரம், ஒரே உயரம், இரண்டும் அந்தப் பக்கமாகத் தள்ளித் திறக்கிறவை. இரண்டிலும் நுழையும்போது ஒரு படி இறங்க வேண்டும். பழைய காலத்துக் கட்டடம், தண்ணீர் நடைக்கு வராமல் இருக்க அப்படித் தாழ்த்திக் கட்டுவார்கள். அக்கா முன்னறையில் இருந்தார். அந்த அறையின் சீலிங் பூச்சு உதிர ஆரம்பித்தது, தலையில் விழுந்தால் என்ன ஆகும்? பின்னறைக்கு மாறிக்கொள்ளச் சொன்னேன். கட்டிலை நானே ஒரு பக்கம் பிடித்தேன்.

மறுநாள் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அக்காவின் புகார். "வாங்கினவரே, என் வீட்டைக் கண்ணாடியில திருப்பிக் காட்டற மாதிரி பண்ணிட்டீங்களே. முன்னாடி இடது கைப்பக்கம் குளியல். இப்ப பின்னாலேர்ந்து வரேன், எல்லாம் வலது. காலையில தூக்கக் கலக்கத்துல எது எதுன்னே தெரியலை. துண்டும் சோப்புமா நேரா பூந்தொட்டிகிட்டப் போய் நிக்கறேன்."

"பிடியைத் தொட்டுப் பாருங்க அக்கா" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். குளியலறைக்குப் பீங்கான் குமிழ். பால்கனிக்குப் பித்தளை. இப்போது உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கின்றனவே, அவைதான். யாரோ பழைய காலத்துப் பட்டறைக்காரன் பித்தளையில் முறுக்குப் போட்டு வார்த்தது. கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், கண் தேவையே இல்லை.

அதற்கப்புறம் பால்கனி. மேஸ்திரி உளியால் ஒரு குத்துக் குத்தினார், உள்ளே கம்பி பிஸ்கட்டாக உதிர்ந்தது. மேஸ்திரி என்னோடு பல வருஷம் வேலை செய்தவர். வாய் பேசாமல் கை பேசுகிற ஆள். "இது ஒரு மழைக்குத் தாங்காதுய்யா. எடுத்துடலாம்" என்றார். எடுத்தோம். இதில் சூது எதுவும் இல்லை. துருப்பிடித்த பால்கனியை விட்டுவைக்கிறவன் வீட்டுக்காரனே அல்ல. பூந்தொட்டிகளை ஜன்னலோரம் மாற்றி வைத்தேன். அக்கா கொஞ்சம் வாடிப்போனார், ஆனால் ஒத்துக்கொண்டார். கதவுக்குக் குறுக்கே மேஸ்திரி ஒரு பலகை அடித்தார். நான் ஒரு எச்சரிக்கைப் பலகையும் எழுதி மாட்டினேன். 'ஆபத்து. கதவைத் திறக்காதீர்கள்.' சிவப்பு மையில், நல்ல பெரிய எழுத்தில்.

அக்கா அன்றைக்கே ஒரு வாய்ப்பாடு கட்டிவிட்டார். "பித்தளைன்னா பள்ளம், பீங்கான்னா குளியல்." எக்ஸ்சேஞ்சில் நம்பர் மனப்பாடம் பண்ணிப் பழகினவர் இல்லையா. காலையில் பின்னறையிலிருந்து கிளம்பும்போது சுவரைத் தட்டிக்கொண்டே அதைச் சொல்லிக்கொண்டு வருவார். பித்தளைன்னா பள்ளம், டொக். பீங்கான்னா குளியல், டொக். மேஸ்திரி சாந்து குழைத்தபடி கேட்டுச் சிரிப்பார். நானும் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யோசனையில் இருந்தேன்.

எல்லா வேலையிலும் ஒரு முறை இருக்கிறது. ஈரமான இடத்தில் பித்தளை வையுங்கள். துருப்பிடிக்காது. பீங்கான் குமிழுக்கு நடுவில் ஓடுகிற இரும்புத் தண்டு ஈரத்தில் துருவேறி வீங்கும், ஒருநாள் குமிழ் கையோடு உடைந்து விரலைக் கிழிக்கும். ஆகவே குளியலறையில் பித்தளை, வெளிக்கதவில் பீங்கான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கட்டினவன் அந்தக் காலத்திலேயே மாற்றிப் போட்டுவிட்டான். அதைச் சரி செய்ய வேண்டியது வாங்கினவன் பொறுப்பு.

சரி செய்தேன். நாலு திருகு இந்தப் பக்கம், நாலு திருகு அந்தப் பக்கம். அக்கா கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"என்ன திருகற சத்தம்?" என்று அறையிலிருந்து கேட்டார்.

"பிடி லூஸா இருக்கு அக்கா. முடுக்கறேன்."

"நல்லா முடுக்குங்க. நான் பிடிச்சு இழுத்து, கதவே கையோட வந்துடப்போகுது."

அதற்கு முன்னாலேயே குறுக்குப் பலகையைக் கழற்றியிருந்தேன். பெயிண்ட் அடிக்க வேண்டிய கதவு. பலகையை வைத்துக்கொண்டு அடித்தால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். கதவுக்கு வெளியே தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன், காய்கிற பெயிண்ட்டில் தூசி ஒட்டாமல் இருக்க. தார்ப்பாய் கட்டினால் காற்று வராது, வெளிச்சம் வராது. அந்தப் பக்கம் திறந்தாலும் குளியலறை மாதிரி கும்மென்று இருக்கும். அது தார்ப்பாயின் குணம், நான் என்ன செய்ய முடியும். எச்சரிக்கைப் பலகையை மட்டும் எடுக்கவில்லை. அதைத் தாழ்ப்பாளுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டேன்.

பிடி மாறியதை அக்காவிடம் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். படி இறங்கும்போதுகூட நினைத்தேன். பாதிப்படியில் நின்றேன். "வாங்கினவரே, டம்ளரை வெச்சுட்டுப் போங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. டம்ளர் என் கையிலேயே இருந்தது. திரும்ப ஏறி, வைத்துவிட்டு, "வரேன் அக்கா" என்று வந்துவிட்டேன். வேலை நடக்கிற வீட்டில் ஒரு மனுஷனுக்கு எத்தனையோ ஞாபகம்.

மறுநாள் காலை நான் எதிரே ஹார்டுவேர் கடையில் கீல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. தட்டுகிற சத்தம் தெருவரை கேட்டது. டொக், டொக், டொக். கூடவே வாய்ப்பாடு. பித்தளைன்னா பள்ளம். அந்தப் பக்கம் தொட்டுப் பார்த்திருப்பார் போல. ஒரு நொடி சத்தம் இல்லை. பிறகு, பீங்கான்னா குளியல். கடைக்காரர் இரண்டு கீல்களை என் முன்னால் வைத்து எது வேண்டும் என்றார். நான் கனமானதைக் காட்டினேன்.

மேஸ்திரிதான் முதலில் பார்த்தவர். நான் போனபோது அக்கா சந்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார், தூங்குகிறவர் மாதிரி. தோளில் துண்டு அப்படியே இருந்தது. சோப்புப் பெட்டி திறந்து கிடந்தது. அதை எடுத்து மூடி வைத்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார், பிறகு சந்தின் தரையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான், இன்றுவரை என் வேலைக்கு வரவில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் ஏறிப் போகிறார். அத்தனை வருஷப் பழக்கம். காரணம் இதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விசாரித்தார்கள். எச்சரிக்கைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். "இவ்வளவு பெரிசா எழுதி வெச்சிருக்கீங்களே, பாவம்" என்றார் வந்த அதிகாரி. பார்வை இல்லாதவர், கதவு மாறிவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது உண்மைதானே. தம்பிக்காரர் போனில் அழுதார். "கூடப் பொறந்தவன் நான் பண்ணாததை நீங்க பண்ணீங்க. அக்காவோட மோதிரத்தை நீங்களே வெச்சுக்கங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இதோ, இந்த மோதிரம்தான். சுவர் தட்ட இதைவிட நல்ல மோதிரம் கிடையாது.

வீடு பிரமாதமாக வந்தது. பால்கனிக் கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுவராக அடைத்தேன். புது மேஸ்திரி ஒற்றைக்கல் வைத்து அடைத்துவிட்டான், அது ஒரு குறை. தட்டினால் அந்த இடம் மட்டும் இழுக்கும். குளியலறை முழுக்கப் புது டைல்ஸ். முதலில் ஒரு நர்ஸ் குடி வந்தாள். கொஞ்ச நாளில் சாவியோடு வந்து நின்றாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு பெரியவரே. ஆனா காலையில நான் குளிக்கும்போது வெளிய யாரோ காத்துக்கிட்டிருக்காங்க."

"யாரு?"

"தெரியலை. தட்டறாங்க. அவசரமாத் தட்டினாக்கூடப் பரவாயில்லை. ரொம்பப் பொறுமையாத் தட்டறாங்க."

அவளுக்குப் பின் அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், திடகாத்திரமான ஆட்கள். அவர்கள் காரணம்கூடச் சொல்லாமல் காலி பண்ணிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பேய் பிசாசைக் கிண்டல் பண்ணுகிறவர். அவர் மட்டும் நடையின் சுவரைக் காட்டி, "இங்க ஒரு கதவு இருந்ததா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "சத்தம் பின்னறையிலேர்ந்து வருது, இங்க வந்து நிக்குது. அப்புறம் தடவற மாதிரி கேக்குது. எதையோ தேடற மாதிரி. பிடி எங்கன்னு தேடற மாதிரி."

வாடகைக்கு ஆள் நிற்காத வீட்டை என்ன செய்வது? சொந்தக்காரன் குடிபோய்விட வேண்டும். வதந்தி அடங்கும். நானும் வீட்டுக்காரியும் மாடிக்கே குடிபோனோம். போன கையோடு குளியலறைப் பித்தளையையும் கழற்றிவிட்டேன். எந்தக் கதவிலும் எந்தப் பிடியும் இருக்கக் கூடாது, தள்ளினால் திறக்கட்டும் என்று விட்டேன். தேடுகிறவருக்கு எதுவும் அகப்படாமல் இருந்தால் போய்விடுவார் என்று ஒரு கணக்கு. கணக்குத் தப்பிவிட்டது. அகப்படாததால்தான் இன்னும் தேடுகிறார்.

வீட்டுக்காரி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் காலை காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தட்டறது நீங்கதான்."

"நானா?"

"தெனம் விடியறப்ப எழுந்து போறீங்க. சுவரைத் தட்டிக்கிட்டே போறீங்க. அந்த அடைச்ச இடத்துல நின்னு தடவறீங்க. நேத்து பின்னாடியே வந்து பாத்தேன். வாயில ஏதோ பித்தளை, பள்ளம்னு முணுமுணுக்கறீங்க. அந்த மோதிரத்தைக் கழட்டி எறிங்க, இல்லாட்டி நான் மக வீட்டுக்குப் போறேன்."

அவள் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். சௌக்கியமாக இருக்கிறாள். நாங்கள் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, நர்ஸ் கேட்டபோது நான் அங்கே இல்லையே என்று அவளிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருந்தது என்பதை அவள் எடுத்துச் சொன்னாள். வீட்டுக்காரனிடம் ஒரு சாவி இருக்கத்தான் வேண்டும். நீங்களும் எப்போதும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம் கழலவில்லை. விரல் பருத்துவிட்டது. சோப்புப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது தட்டியது நானா? இந்த மேசையிலா? மன்னிக்கவும். பழக்கம்.

பிடிகள் இரண்டும் வந்துவிட்டனவா? பித்தளை வந்துவிட்டது. பீங்கான் யாரிடம்? கடைசி வரிசையில் யாரோ தரையில் வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. உருண்டுவிடும், எடுத்து மேலே வையுங்கள். ஏன், கையில் பிடிக்க என்ன பயம்? வெறும் குமிழ்தான். எல்லோரும் பிடித்ததுதான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எழுந்து நிற்கிறார் என்று தெரிகிறது. கதை என்று நினைத்தால் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சட்டைத் தம்பி, நீங்கள் இருக்கிறீர்களா? நாற்காலி நகர்ந்த சத்தம் உங்களுடையதா? என் பதில் இதுதான். வாங்கலாம். ஆனால் வாங்கினால் அந்தப் பெரியவர் கொடுக்கிற டீயைக் குடிக்காதீர்கள். ஒரு தடவை குடித்துவிட்டால் டம்ளரை வைக்கத் திரும்பப் படியேற வேண்டியிருக்கும். மற்றபடி நான் அந்த அம்மாளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு விரல் படவில்லை. கூரையைச் சரி செய்தேன், பால்கனியை எடுத்தேன், பெயிண்ட் அடித்தேன், பிடிகளை அதது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். கதவைத் திறந்தது அவர். படி இறங்கினது அவர். நடக்கப்போவது எனக்குத் தெரியும் என்று எவனாலும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கின சாமானை எங்கே அடுக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். குளியலறைக்கு வாங்கின டைல்ஸ் பெட்டிகளைச் சந்தில்தான் அடுக்கியிருந்தோம், பால்கனிக் கதவுக்கு நேர் கீழே. பிடிகளை மாற்றிவிட்டுக் கீழே வந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவ்வளவையும் முன்பக்கம் மாற்றி வைக்கச் சொன்னேன். "நல்ல நிழல்லதானேய்யா இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார். நான் முன்பக்கத்தைக் கை காட்டினேன். ஒவ்வொரு பெட்டியாக அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.

ஒரு டைல்கூட உடையவில்லை.